கசடு கலந்த செங்கல்: உப்பு, நாற்றம், உறுதி – வாசகர் கேள்வி பதில்

செப்டிக் டேங்க் லாரி அள்ளும் கசடையும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடையும் செங்கல் மண்ணில் சேர்த்துச் சுடுவது பற்றித் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உள்ள வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

வீடு கட்டப் போகிறோம். கக்கூஸ் கழிவில் செய்த செங்கல் வரப்போகிறது என்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? மழை பெய்தால் சுவர் நாறாதா? – வாசகி, கீழக்கரை

இருக்கிறது, புதிதும் இல்லை. சிங்கப்பூரில் 1980களிலேயே உலர்த்திய கசடை எடையில் 40 சதவீதம் வரை களிமண்ணோடு கலந்து சுட்டுப் பார்த்துவிட்டார்கள். கல் ஆனது, ஆனால் கசடு கூடக் கூட உறுதி குறைந்தது. டோக்கியோவில் 1991இல் கசடை எரித்த சாம்பலை மட்டுமே அழுத்திச் சுட்டு நடைபாதைக் கல் செய்யும் ஆலையே ஓடியது. அந்தக் கற்களில் வெள்ளை பூத்தது, பாசி பிடித்தது என்ற குறைகளும் பதிவாகியிருக்கின்றன. மெல்போர்னின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு, 25 சதவீதம் கசடு சேர்த்த கல்லைச் சுட 48.6 சதவீதம் வரை எரிசக்தி மிச்சமாகும் என்றது.

நாற்றத்துக்கு வருவோம். நாறுவது கசடில் உள்ள கரிமப் பொருள். சூளையில் 900 டிகிரி பிடித்து, கல்லின் நடுவரைக்கும் காற்றும் சூடும் போயிருந்தால் அது முழுவதும் எரிந்து, மணலும் களிமண் சாம்பலும் இரும்பும் பாஸ்பரஸும்தான் மிஞ்சும். நாற அங்கே எதுவும் இருக்காது. வேகாத கல் வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் ஒரு கல்லை உடைத்து நனைத்து மோந்து பாருங்கள். உள்ளே கறுப்பாக இருந்து வாடையும் அடித்தால் அந்த லோடையே திருப்பி அனுப்புங்கள்.

வாங்கினாலும் அஸ்திவாரத்துக்கும் தரைமட்டத்துக்குக் கீழும் இந்தக் கல்லைப் போடாதீர்கள். சாதாரணக் கல்லைவிட நுண்துளை அதிகம் என்பதால் உங்கள் ஊர் உவர்த் தண்ணீரை மேலே இழுக்கும். தரைமட்டத்துக்கு மேலே, பூச்சு வேலையோடு என்றால் சரி. அதே நுண்துளை அங்கே வெயில் சூட்டைக் கொஞ்சம் தடுக்கும்.

லாரிக்காரர் தினம் இரண்டு லோடு இலவசமாகத் தருகிறேன், மண்குழியிலேயே கொட்டிவிடலாம், தண்ணீர்ச் செலவும் மிச்சம் என்கிறார். கொட்டச் சொல்லலாமா? ஒரு லோடு எத்தனை கல்லுக்கு வரும்? – சூளை உரிமையாளர், பரமக்குடி அருகில்

வேண்டவே வேண்டாம். கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

லாரியில் வருவது பெரும்பாலும் தண்ணீர். 6,000 லிட்டர் லோடில் திடப்பொருள் 2 முதல் 3 சதவீதம் இருக்கும். 2.5 என்று வைத்தால் உலர்ந்த கசடு 150 கிலோ. ஒரு கல்லுக்கு உலர்ந்த மண் 3 கிலோ பிடிக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கசடு என்றால் 300 கிராம். ஆக ஒரு லோடுக்கு 500 கல். தினம் இரண்டு லோடு இறக்கினால் தினம் ஆயிரம் கல் அறுத்தாக வேண்டும், மழைக்காலத்திலும். இலவசம் என்பது இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

அடுத்தது உப்பு. நம் கடலோரத்தில் இதுதான் முதல் எதிரி, உறுதிகூட அப்புறம்தான். வீடுகளிலும் லாட்ஜுகளிலும் கக்கூஸுக்குப் போவது போர்த்தண்ணீர். அதில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு என்று வைப்போம். 2.5 சதவீதக் கசடில் ஒரு கிலோ திடப்பொருளோடு 39 லிட்டர் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருகிறது. குழியில் கொட்டி வெயிலிலேயே வற்றவிட்டால் தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கும் போகாது. கிலோவுக்கு 117 கிராம் உப்பு! அதே கசடை வடிகட்டி, திடம் 20 சதவீதம் வரும் வரை தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டு அப்புறம் காயவைத்தால் கூட வருவது 4 லிட்டர் தண்ணீர், 12 கிராம் உப்பு. பத்தில் ஒரு பங்கு. வற்றவைப்பதற்கும் வடிப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் புரியாமல் கடலோரத்தில் கசடுக் கல்லில் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, மண் மிதிப்பவர்களின் கால். பச்சைக் கசடில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் இருக்கும். உருண்டைப்புழு முட்டை ஈரமண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறுங்கால் தோலைத் துளைத்தே உள்ளே போகும். கசடு கலந்த மண்ணைக் காலால் மிதிக்க விடவே கூடாது, பக்மில் (மண் பிசையும் இயந்திரம்) இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே, லாரி எங்கே கொட்டலாம் என்பதை உள்ளாட்சி முடிவு செய்கிறது. சூளைக் குழி அந்தப் பட்டியலில் வராது. சரியான வழி, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஏற்கெனவே வடித்து உலர்த்திய கசடை எழுத்துபூர்வ அனுமதியோடு எடுப்பதுதான்.

பேரூராட்சி அனுமதியோடு உலர் படுகை நாங்களே போட நினைக்கிறோம். அளவுகள் சொல்லுங்கள். – சுய உதவிக் குழு, தேவிபட்டினம்

அடியில் சிமென்ட் தரை, ஒரு பக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு சாய்வு, சாய்வின் முனையில் துளையிட்ட பி.வி.சி. குழாய். அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் ஜல்லி, கீழே பெரியது, மேலே சின்னது. அதற்கும் மேலே 20 சென்டிமீட்டர் மணல். லாரி ஊற்றும் வாயில் விரலளவு இடைவெளி விட்ட கம்பி வலை கட்டாயம். நாப்கின், டயாப்பர், பால் கவர், முடி எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும். பிளாஸ்டிக்கோடு சுட்டால் வரும் புகை தனி விஷம்.

கசடை 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். 6,000 லிட்டர் லோடு ஒன்றுக்கு 30 சதுர மீட்டர், அதாவது சுமார் 320 சதுர அடி தேவை. தண்ணீரின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே மணல் வழியாக இறங்கிவிடும், மிச்சத்தைக் காற்றும் வெயிலும் எடுக்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இரண்டு வாரம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரை இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும், ஒளி புகும் ஷீட் போட்டுக்கொள்ளுங்கள். இருபது சென்டிமீட்டர் ஊற்றினதில் கடைசியாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏடு மட்டும் வெடித்து, அப்பளம்போல் ஓரம் சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்ததும் மண்வெட்டியால் சுரண்டலாம்.

இரண்டு எச்சரிக்கை. மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கடல் மணலைப் போடாதீர்கள். சுரண்டும்போது மேல்மணல் கொஞ்சம் ஏட்டோடு சேர்ந்து வரும், அதில் உப்பும் சிப்பித் தூளும் வரும். இரண்டுமே செங்கல்லுக்கு ஆகாதவை. நன்கு அலசிய ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் போதும். அடுத்து, குழாய் வழியாக வடியும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அமோனியாவும் கிருமியும் நிறைந்தது. அதை ஊருணிக்கோ கடலுக்கோ விடக் கூடாது, சுத்திகரிப்பு நிலையத்துக்கே திருப்ப வேண்டும். மண்டபம் பக்கம் பவளப்பாறைகளுக்கும் தேவிபட்டினம் பக்கம் கடற்புல்லுக்கும் இந்தச் சத்து நீர் எமன். பாசியைக் கிளப்பி மூடிவிடும்.

எவ்வளவு கலக்கலாம்? கலக்கும் முறை? கல் உறுதி குறையாதா? – சூளை மேஸ்திரி, முதுகுளத்தூர்

உலர்ந்த எடையில் 5 சதவீதத்தில் தொடங்குங்கள், 10ஐத் தாண்டாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் 20, 30 என்றெல்லாம் வருவது கட்டுப்பாடான மின்சார உலையில் சுட்ட கல். தைவான் ஆய்வு ஒன்று (2003) 10 சதவீதக் கசடு, 24 சதவீத ஈரம், 880 முதல் 960 டிகிரி சூடு என்பதையே நல்ல கல்லுக்கான அளவாகச் சொல்கிறது. காளவாசலில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் 200 டிகிரி வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால் 10 என்பதே நமக்கு உச்சவரம்பு.

உலர்ந்த ஏட்டைக் கட்டையால் தட்டி உடைத்துக் கொசுவலைக் கண்ணியில் சலியுங்கள். முழுக்கக் காய்ந்ததைச் சலித்தால் தூள் மூக்குக்குள் போகும், கையில் பிடித்தால் லேசாகக் குளிரும் ஈரத்தில் சலிப்பது நல்லது. முகக்கவசம், கையுறை, கம்பூட் இல்லாமல் யாரும் நிற்கக் கூடாது. ஒட்டும் கரம்பை மண்ணும் மணல்பாங்கான சவுடும் நீங்கள் வழக்கமாகச் சேர்க்கும் விகிதத்தில் 90 கிலோ, கசடுத் தூள் 10 கிலோ. இரண்டையும் முதலில் உலர்வாகவே புரட்டி, அப்புறம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரத்தில் தூளைக் கொட்டினால் முடிச்சு முடிச்சாக நிற்கும், சுட்டபின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு பொந்தாகிவிடும். தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு மூன்று லிட்டர் கூடப் பிடிக்கும், ஏனென்றால் கசடு உறிஞ்சும். மொத்தம் 25 முதல் 30 லிட்டருக்குள் அடங்க வேண்டும். வழக்கமாக மண்ணை நாலைந்து நாள் ஊறவைப்பீர்கள். இதை அப்படிப் போட்டால் புளித்து நாறும், ஒரு இரவு மூடி வைத்து மறுநாளே பக்மில்லில் விட்டு அறுத்துவிடுங்கள்.

பச்சைக்கல் காய்வதில் ஒரு சோதனை. கல்லின் முகத்தில் ஆணியால் சரியாக 100 மில்லிமீட்டர் கோடு கிழித்து, நிழலில் காய்ந்தபின் அளந்து பாருங்கள். 92க்குக் கீழே சுருங்கினால் கரம்பை அதிகம், சவுடு சேர்க்க வேண்டும். கசடைக் குறைப்பது இந்தக் குறைக்கு மருந்து இல்லை.

உறுதி குறையும், உண்மை. கசடில் பாதிக்கு மேல் எரிந்துபோகும் பொருள். 300 கிராம் கசடில் 60 சதவீதம் எரிந்தால் கல் 180 கிராம் லேசாகும், அந்த இடம் துளையாகும். கேட்க வேண்டிய கேள்வி, செங்கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1077 கேட்கும் அளவைத் தாண்டுகிறதா என்பதுதான். அதில் கடைசி வகுப்புக்கே சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் வேண்டும். 230க்கு 110 மி.மீ. கல் என்றால் கிட்டத்தட்ட 9 டன் பாரத்தில்தான் உடையலாம். சிவில் பாடப்பிரிவு உள்ள கல்லூரி ஆய்வகத்தில் அழுத்தும் இயந்திரம் இருக்கும், ஒரு சூளைக்கு ஐந்து கல்லாவது கொடுத்துப் பாருங்கள். நீர் உறிஞ்சும் சோதனையை நீங்களே செய்யலாம். கல்லை நன்றாக உலர்த்தி எடைபோட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் முக்கி, எடுத்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள் மறுபடி எடை. மூன்று கிலோ கல் 3.6 கிலோவைத் தாண்டினால் 20 சதவீத வரம்பை மீறிவிட்டது. நம் அனுபவத்தில் முதலில் தோற்பது இந்தச் சோதனையில்தான், பாரச் சோதனையில் அல்ல.

எங்கள் கல் ஏற்கெனவே உப்புப் பூக்கிறது. கசடு சேர்த்தால் இன்னும் மோசமாகுமா? பூப்பது மண்ணாலா, தண்ணீராலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – தொண்டி

ஒவ்வொன்றாகத் தனித்துப் பாருங்கள். தண்ணீர் சுத்திகரிப்புக் கடைகளில் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (லிட்டர் தண்ணீரில் கரைந்த உப்பை மில்லிகிராமில் காட்டுவது) ஒன்று போதும். மண் 10 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி. பாட்டிலில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கி, தெளியவிட்டு மீட்டரை வையுங்கள். காட்டும் எண்ணை ஐந்தால் பெருக்கினால் ஒரு கிலோ மண்ணில் கரையும் உப்பு இத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகத் தெரியும். 200 காட்டினால் கிலோவுக்கு ஒரு கிராம். கசடுத் தூளையும் இதேபோல் பாருங்கள். அது 1,000ஐத் தாண்டினால் நல்ல தண்ணீரில் ஒருமுறை கலக்கி மறுபடி வடிக்கச் சொல்லுங்கள்.

பிசையும் தண்ணீர் பற்றி: 100 கிலோ மண்ணுக்கு 30 லிட்டர். 3,000 காட்டும் போர்த்தண்ணீர் என்றால் 90 கிராம் உப்பு சேர்கிறது. கடல் தண்ணீர் என்றால் ஒரு கிலோவுக்கும் மேலே. கழிமுகத் தண்ணீரில் மண் பிசைந்துவிட்டுக் கசடைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

பூப்பில் இரண்டு ரகம் உண்டு. நாக்கில் வைத்தால் கரிக்கிறதும், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறதும் சோற்றுப்பு. மழைக்குப் பின் வெள்ளைத் தூளாகத் தள்ளி, பூச்சையே உரித்துக்கொண்டு வருவது பெரும்பாலும் சல்பேட். கசடில் கந்தகம் உண்டு, விறகைவிட நிலக்கரியில் இன்னும் அதிகம். சல்பேட்டுக்கு மண்ணில் பேரியம் கார்பனேட் கலக்கும் வழி தொழிற்சாலைகளில் இருக்கிறது. அது வேலை செய்யும், ஆனால் வாய்க்குள் போனால் கடும் விஷம். சின்னச் சூளைகளுக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். அதற்குப் பதில் சூட்டை 950க்கு ஏற்றி நன்றாக வேகவைப்பதே மேல், பெரும்பாலான சல்பேட் கண்ணாடித்தன்மைக்குள் மாட்டிக்கொள்ளும் அல்லது சிதைந்து போகும். சோற்றுப்புக்கு மருந்து அலசுவது மட்டுமே.

சோதித்துப் பார்க்க: தட்டில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, கல்லைக் குத்துக்கு நிறுத்துங்கள். நீர் முழுக்க வற்றியதும் இன்னொரு முறை அதே அளவு ஊற்றி வற்றவிடுங்கள். வெள்ளை, கல்லின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் என்றால் லேசு. பாதிவரை போனால் நடுத்தரம், சாதாரண வகுப்புக் கல்லுக்கு ஐ.எஸ். 1077 அதுவரை அனுமதிக்கிறது. தூளாக உதிர்ந்தால் எந்த வேலைக்கும் ஆகாது.

சுட்டு இறக்கிய கல் நன்றாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து வெள்ளைப் புள்ளி தெரிந்து, அந்த இடத்தில் காசு அளவுக்குப் பெயர்ந்து விழுகிறது. – உச்சிப்புளி

சிப்பி. கசடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். சிப்பியும் பவளத்துண்டும் சுண்ணாம்புக்கல். சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, அப்புறம் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்து மண்ணைத் தள்ளும். மண்ணை ஒரு மில்லிமீட்டர் கண்ணியில் சலித்தால் போதும், பொடியாக இருந்தால் சேதம் வராது. இறக்கிய சூட்டோடு கல்லைத் தண்ணீரில் முக்கி எடுப்பது பழைய கைவைத்தியம், சின்னத் துண்டுகளுக்குப் பலிக்கும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கசடைக் கிருமிநீக்கம் செய்யச் சுண்ணாம்பு போட்டிருந்தால் அந்தக் கசடை வாங்காதீர்கள்.

கல்லை உடைத்தால் நடுவில் கறுப்பு. சில கல் வீங்கி ஒட்டிக்கொண்டது. சூளை மூட்டிய முதல் இரண்டு நாளும் ஊரே நாறியது, பஞ்சாயத்தில் புகார். – சூளை உரிமையாளர், கமுதி

மூன்றுக்கும் வேர் ஒன்றே. கசடு எரிபொருள். அதை விறகுபோலவே மதிக்க வேண்டும், மண்போல மதித்தால் இப்படித்தான்.

உலர்ந்த கசடு கிலோவுக்கு 12 மெகாஜூல் சூடு தரும் என்று வைப்போம். கல்லுக்கு 300 கிராம் என்றால் 3.6 மெகாஜூல். காளவாசலில் மூன்று கிலோ கல் ஒன்றைச் சுட 6 முதல் 9 மெகாஜூல் செலவாகிறது. கணக்குப்படி பாதி எரிபொருளைக் கல்லே தன் வயிற்றில் வைத்திருக்கிறது! நீங்கள் சீமைக்கருவேல விறகை வழக்கம்போல அடுக்கியிருப்பீர்கள், நடு அடுக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறி ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒரேயடியாக விறகைப் பாதியாக்கினாலும் தவறு, ஏனென்றால் அந்தச் சூட்டில் கணிசமான பங்கு எரியாமலே புகையாக மேலே போய்விடுகிறது. முதல் சூளையில் பத்தில் ஒரு பங்கு விறகைக் குறையுங்கள், கல்லைப் பார்த்து அடுத்த சூளையில் இன்னும் குறையுங்கள்.

நடுக்கறுப்பு என்பது எரியாத கரி. 300 டிகிரியிலிருந்து 700 வரை சூடு மெதுவாக ஏற வேண்டும், காற்று தாராளமாக வேண்டும். கல்லுக்குக் கல் விரல் இடைவெளி விட்டு அடுக்குங்கள். தீவாயை இந்தக் கட்டத்தில் அடைக்காதீர்கள். அவசரப்பட்டு 900க்கு ஏற்றினால் கல்லின் மேல்தோல் உருகி மூடிக்கொள்ளும், உள்ளே மாட்டிய கரி இரும்புத் துருவின் ஆக்சிஜனைப் பிடுங்கும், இரும்பு அந்த நிலையில் மண்ணை இன்னும் சீக்கிரம் உருக்கும், வாயு வெளியேற வழியின்றி கல் வீங்கும். வெறும் கறுப்பா வீக்கமா என்று பிரித்தறிய, உடைத்த துண்டை அடுத்த சூளையில் திறந்த இடத்தில் வையுங்கள். சிவந்துவிட்டால் வெறும் கரி, காற்றுக் குறைவு. சிவந்தும் குமிழ் நின்றால் வேகம் அதிகம். கே வகை தெர்மோகப்பிளும் (சூட்டை அளக்கும் கம்பி) ஒரு டிஜிட்டல் மீட்டரும் வாங்கி இரண்டு இடத்தில் செருகினால் இந்த ஊகமெல்லாம் வேண்டாம்.

நாற்றம்தான் கடினமானது. காளவாசலில் தீ அடியில், புகை மேலே. மேல் அடுக்கில் உள்ள பச்சைக்கல் 200, 300 டிகிரியில் இருக்கும்போதே கசடு வாயுவை விட ஆரம்பிக்கும். அந்த இடத்தில் தீயும் இல்லை, ஆக்சிஜனும் குறைவு. அதனால் அமோனியாவும் கொழுப்பு வாடையும் எரியாமல் ஊருக்குள் போகிறது. கசடுக் கல்லைக் கீழ் அடுக்கில் வைத்தால் கல் நன்றாக வேகும், நாற்றம் போகாது. அதற்கு வழி மூன்றுதான்: அளவை 5 சதவீதத்துக்குக் குறைப்பது, நன்கு செரித்துப் பழகிய கசடை மட்டும் எடுப்பது, இல்லையென்றால் காற்றடைத்துக் கரியாக்கிய கசடையோ சாம்பலையோ வாங்கிக் கலப்பது. நம் பக்கத்தில் கரிமூட்டம் போடத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், ஆனால் கசடை மூட்டத்தில் போட்டால் அதே நாற்றம் அங்கே கிளம்பும். வாயுவை எரிக்கும் அடைப்புக் கலன் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

சூளை விதிகளையும் கவனியுங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2022 பிப்ரவரி அறிவிக்கை ஜிக்ஜாக் (சூடான காற்று கல் அடுக்குகளுக்கிடையே வளைந்து வளைந்து போகும் சூளை) போன்ற முறைகளுக்கு மாறச் சொல்கிறது, குடியிருப்பிலிருந்து 800 மீட்டர் இடைவெளி கேட்கிறது. கசடு கலக்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

கசடில் ஈயம், காட்மியம் இருக்குமாமே. சுவரிலிருந்து குழந்தைகளுக்கு வராதா? – மண்டபம்

வீட்டுக் கழிவில் இவை குறைவு, துத்தநாகமும் செம்பும்தான் கூடுதலாக இருக்கும். 900 டிகிரியில் பெரும்பாலான உலோகங்கள் மண்ணின் சிலிக்கேட்டுக்குள் பூட்டப்படுகின்றன. பாதரசமும் காட்மியத்தில் ஒரு பங்கும் புகையில் போகும், ஆகவே ஆபத்து சுவரைவிடச் சூளைக்குப் பக்கத்தில்தான் அதிகம். கவனிக்க வேண்டியது குரோமியம். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் சுடும்போது அது ஆறிணைய குரோமியம் என்ற நச்சு வடிவமாக மாறித் தண்ணீரில் கரையும். சுண்ணாம்பு போட்ட கசடு வேண்டாம் என்று சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். தோல் பதனிடும் ஆலை, சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறைக் கசடைத் தொடவே தொடாதீர்கள்.

சோதனைக்கு டி.சி.எல்.பி. என்று கேளுங்கள். கல்லைப் பொடித்து அமிலநீரில் 18 மணி நேரம் சுழற்றிப் பார்ப்பார்கள். கரைந்து வருவது லிட்டருக்கு ஈயம் 5, குரோமியம் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இது ஆபத்தான கழிவா என்று பிரிக்கும் கோடுதான், நல்ல கல் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

மிளகாய் வயலுக்கு உரமாகப் போட்டால் போதாதா? எதற்குச் சுட வேண்டும்? – விவசாயி, முதுகுளத்தூர் வட்டம்

உங்கள் கட்சிதான் நாங்களும், நிபந்தனையோடு. கசடைச் சுட்டால் தழைச்சத்து புகையாகப் போகிறது, மணிச்சத்து (பாஸ்பரஸ்) கல்லுக்குள் என்றைக்குமாகச் சிறைப்படுகிறது. ஜெர்மனி 2017இல் சட்டமே போட்டு, பெரிய நிலையங்கள் 2029 முதல் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்கிறது. நல்ல கசடை மக்கவைத்து நிலத்துக்குக் கொடுப்பதே முதல் தேர்வு. உரக் கட்டுப்பாட்டு ஆணை மக்கிய உரத்துக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு ஈயம் 100, காட்மியம் 5, குரோமியம் 50, துத்தநாகம் 1,000 மில்லிகிராம். அதில் தேறினால், குவியலின் உள்சூடு 55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றிருந்தால், எடுத்துக்கொள்ளுங்கள். முண்டு மிளகாய் களத்தில் தரையில் காயும் பயிர் என்பதால் காய்ப்புக் காலத்தில் போடக் கூடாது, கோடை உழவில் மட்டும். உப்பு எண் உங்களுக்கும் முக்கியம், தொண்டிக்காரருக்குச் சொன்ன அதே மீட்டர் சோதனை. உலோகத்திலோ உப்பிலோ தோற்ற கசடு என்றால், அலசிவிட்டுச் சூளைக்கு அனுப்புவது சரி.

ப்ராஜெக்ட்டுக்குக் கசடில் லேசான ஜல்லி செய்ய முடியுமா? – பாலிடெக்னிக் மாணவர், ராமநாதபுரம்

முடியும். சூளைக்காரருக்கு வியாதியான வீக்கம்தான் உங்களுக்கு மருந்து. களிமண் 70, கசடு 30 எடை விகிதத்தில் பிசைந்து 10 மி.மீ. உருண்டை பிடியுங்கள். 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, 400 டிகிரியில் அரை மணி வைத்து, அங்கிருந்து நேரே 1,100 முதல் 1,150 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம். மெதுவாக ஏற்றினால் கரி எரிந்துபோய் உருண்டை உப்பாது. ஆறியபின் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா பாருங்கள், ஒரு நாள் உறிஞ்சும் அளவையும் குறியுங்கள். உலைத்தட்டில் அலுமினாத் தூள் தூவ மறந்தால் உருண்டைகள் தட்டோடு ஒட்டும். புகைபோக்கி இல்லாத அறையில் செய்யாதீர்கள்.

லாட்ஜ் சுத்திகரிப்பு நிலையக் கசடும் மீன் கம்பெனிக் கசடும் ஒன்றுதானா? – ராமேஸ்வரம்

இல்லை. லாட்ஜுடையது சேரும். மீன் பதப்படுத்தும் இடத்துக் கசடில் உப்பும் எண்ணெயும் அதிகம், செங்கல்லுக்கு ஆகாது.

மானாமதுரை மண்ணில் கொஞ்சம் கசடுச் சாம்பல் கலந்து பானை, பூந்தொட்டி செய்யலாமா? – மண்பாண்டத் தொழிலாளி, பரமக்குடி

பூந்தொட்டி செய்யலாம், 5 சதவீதம் சாம்பல் போதும். நுண்துளை கூடுவதால் வேருக்குக் காற்றுப் போகும். சாம்பலைச் சேலைத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சக்கரத்தில் கையை அறுக்கும். தண்ணீர்ப் பானை, சமையல் சட்டி, தயிர் உறை ஊற்றும் கலயம் எதிலும் ஒரு பிடிகூடக் கலக்காதீர்கள். மெருகு பூசாத பானை 700, 800 டிகிரியில்தான் வேகிறது, உலோகத்தைப் பூட்ட அந்தச் சூடு போதாது. புளியும் தயிரும் ஊறும் பாத்திரத்தில் அது கரைந்து வெளியே வரும். கசடுச் சாம்பல் தொட்ட மண்ணுக்குத் தனிக் குழி, தனிச் சல்லடை வைத்துக்கொள்ளுங்கள்.